பாறை ஒதுக்கின் அடியில் இருக்கும் ஜியோகேஷ் பெட்டியைத் தேடிச் செல்வது எப்படி?

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைச் சேர்த்து அனுப்பிவந்தது. அதனால் கருவி காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் நூறு மீட்டர் வரை வேறுபாடு இருந்தது. மே 2 அன்று அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகருக்கு அருகே ஒரு காட்டில் வாளி ஒன்றை வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவித்தார். இன்று ஜியோகேஷிங் என்று வழங்கும் தேடல் அங்கிருந்துதான் தொடங்கியது. ஒருவர் மறைத்து வைத்த பெட்டியை மற்றவர் எண்களைக் கொண்டு கண்டுபிடித்து, உள்ளிருக்கும் ஏட்டில் பெயரும் தேதியும் எழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

நகரப் பூங்காவில் இருக்கும் பெட்டியை எண்களை மட்டும் நம்பிக் கண்டுபிடித்துவிடலாம். மலையில், முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் அடியில், அதாவது பாறை ஒதுக்கில், இருக்கும் பெட்டிக்கு அந்த வழி உதவாது; கடைசி முப்பது மீட்டரை உங்கள் கண்ணும் காலும்தான் கடக்க வேண்டும். கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே, ரெட் ரிவர் கார்ஜ் பள்ளத்தாக்கையும் அதைச் சுற்றிய மணற்பாறைக் குன்றுகளையும் மனத்தில் வைத்தே இங்கே எழுதுகிறேன். பாறை ஒதுக்குகள் நிறைந்த அந்த நிலத்தில் நடந்து கற்றவை பிற மலைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வேலை வீட்டிலேயே தொடங்குகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் இணையப் பக்கத்தில் தேடலின் கடினம், நிலத்தின் கடினம் என்று 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பெண்கள் தரப்பட்டிருக்கும். மலைப்பயணத்துக்கு இரண்டாவது எண்ணையே முதலில் பாருங்கள், அது 5 என்றால் கயிறு போன்ற சிறப்புக் கருவிகள் தேவைப்படும். ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் பதின்மூன்று இடம் தள்ளி எழுதிய ஒரு குறிப்பும் இருக்கும். அதை வீட்டிலேயே பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். முன்பு சென்றவர்களின் பதிவுகளில் கடைசியாகப் பெட்டி எப்போது கிடைத்தது என்று பாருங்கள். பலர் தொடர்ந்து வெறுங்கையுடன் திரும்பியிருந்தால் அந்தப் பயணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது.

அடுத்ததாக, அந்த எண்களைச் சமஉயரக் கோடுகள் உள்ள வரைபடத்தில் குறியுங்கள். இதை நான் மிகவும் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஓர் இடத்தின் உயரத்தைச் சொல்வதில்லை. என் தொடக்கக் காலப் பயணம் ஒன்றில், மலைமுகட்டுப் பாதையில் நடந்துகொண்டிருந்தபோது பெட்டி 12 மீட்டரில் இருப்பதாகக் கருவி காட்டியது. ரோடோடென்ட்ரான் புதரை விலக்கிக்கொண்டு ஆறேழு அடி வைத்த பிறகே, காலுக்கு முன்னால் நிலம் முடிந்திருப்பதைக் கண்டேன். பெட்டி அந்தச் செங்குத்துப் பாறையின் அடிவாரத்தில் இருந்தது. கருவி சொன்ன 12 மீட்டர் கிடைமட்டத் தொலைவு மட்டுமே. கீழிறங்க வேண்டிய ஆழத்தை அது சொல்லவேயில்லை. ஆகையால் வரைபடத்தில் கோடுகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டும் இடத்தைச் செங்குத்துப் பாறை என்று கொண்டு, ஒதுக்கு அதன் அடியில்தான் இருக்கும் என்பதை மறவாமல், அடிவாரத்துக்குப் போகும் பாதையை முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள். அது சுற்றுவழியாக இருந்தாலும் அதுவே உங்கள் வழி.

நேரத்தைக் கணக்கிட, ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் வகுத்த விதி இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதனுடன் 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி. போகவர 8 கிலோமீட்டரும் 400 மீட்டர் ஏற்றமும் உள்ள பயணத்துக்கு இது ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம் ஆகும். ஈரமும் வேர்களும் நிறைந்த காட்டுப் பாதையில், குழந்தைகளோடு போனால், நான் அதை இரட்டிப்பாக்கி, தேடுவதற்கு ஒரு மணி சேர்த்துக்கொள்கிறேன். சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, திரும்பும் நேரத்தைத் தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடமும் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். பள்ளத்தாக்குகளில் கைப்பேசிக் கோபுரம் எட்டாது என்பதால் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டு, தாளிலும் ஒரு படி எடுத்துச் செல்லுங்கள். தண்ணீர், ஊன்றுகோல், கையுறை, திசைகாட்டி, நெற்றி விளக்கு ஆகியவற்றுடன் ஒரு பென்சிலும் வேண்டும். ஈரம் ஏறிய தாளில் பேனா மை ஓடாது.

பாறையை நெருங்கியதும் கருவியில் திசை காட்டும் அம்பு ஒருபுறமும் மறுபுறமும் தாவத் தொடங்கும். கருவி பழுதாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். பாறைச்சுவர் வானத்தின் பாதியை மறைப்பதால் ஒரே பக்கத்துச் செயற்கைக்கோள்கள் மட்டும் தெரிகின்றன. அவற்றின் சமிக்ஞையும் நேராக வருவதோடு பாறையில் மோதித் தெறித்தும் வருகிறது. தெறித்த அலை 15 மீட்டர் கூடுதலாகப் பயணித்தால், அந்தக் கோள் 15 மீட்டர் தள்ளி இருப்பதாகக் கருவி கணக்கிட்டுவிடும். எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் பெறும் கைப்பேசிகளில் இந்தப் பிழை குறையும், மறையாது. பெட்டியை வைத்தவரும் இதே பாறையடியில் நின்றுதான் அளந்திருப்பார் என்பதால், அவர் பிழையும் உங்கள் பிழையோடு சேர்கிறது.

எனவே அம்பைத் துரத்தி ஓடாதீர்கள். சுவரிலிருந்து விலகி, வானம் திறந்து தெரியும் இடத்துக்கு வந்து, இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நின்று, எண்கள் அடங்கிய பிறகு பெட்டியின் திசையையும் தொலைவையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் கருவியைப் பையில் வைத்துவிட்டு, திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு காலடிகளை எண்ணி நடங்கள். வேறோர் இடத்திலிருந்தும் அப்படியே செய்தால், இரண்டு கோடுகளும் வெட்டும் பகுதியே தேட வேண்டிய இடம்.

அங்கே முதலில் தரையைப் பாருங்கள். ஒதுக்கின் மேல்விளிம்பிலிருந்து மழைநீர் சொட்டும் இடத்தில் மணல் சிறுசிறு குழிகளாகி, வரிசையாக ஒரு கோடு தெரியும். மதுரையைச் சுற்றிய சமணர் குகைத்தளங்களின் நெற்றியில் நீர் உள்ளே வராதிருக்கக் காடி வெட்டினார்களே, அந்தக் காடி செய்யும் வேலையை இங்கே இயற்கையான விளிம்பு செய்கிறது. அக்கோட்டுக்கு உட்புறம் பொடிபோல் உலர்ந்த மணல், வெளிப்புறம் பாசி. பெட்டியை ஈரத்திலிருந்து காக்க எண்ணும் எவரும் உட்புறத்தில்தான் வைப்பார். விளக்கைத் தாழ்த்திப் பிடித்து, பக்கவாட்டில் ஒளி பாய்ச்சுங்கள். இயல்பாக விழாத வகையில் அடுக்கிய கற்களின் நிழல் உடனே தனித்துத் தெரியும். பிளவுக்குள் சுள்ளிகளும் எலும்புத் துண்டுகளும் குவிந்திருந்தால் அதைக் கலைக்காதீர்கள். அது அலகேனி மர எலியின் வீடாக இருக்கலாம்; கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைப்பது அதன் வழக்கம்.

கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் ஒருபோதும் கையை விடாதீர்கள். அந்தப் பகுதியில் காப்பர்ஹெட் என்னும் நச்சுப் பாம்பும் கிலுகிலுப்பைப் பாம்பும் பாறை இடுக்குகளில் தங்குகின்றன. விளக்கடித்துப் பார்த்து, கோலால் தட்டி, பிறகே கையுறையோடு எடுக்க வேண்டும். இடி இடிக்கும்போது ஒதுக்கின் அடியில் ஒதுங்குவதும் ஆபத்தானது. பாறையில் இறங்கும் மின்சாரம் மேல்விளிம்பிலிருந்து தரைக்குத் தாவக்கூடும். இடியோசை கேட்டால் தேடலை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

பெட்டி கிடைத்ததும் திறப்பதற்கு முன் மூடியின் மேலுள்ள மணலைத் துடையுங்கள். ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் அதன் வழியே ஈரம் புகுந்து, சில மாதங்களில் ஏடு கூழாகிவிடும். ஏட்டில் எழுதிய பிறகு உள்ளிருக்கும் பொருளை எடுத்தால், அதற்கு ஈடான அல்லது மேலான ஒன்றை வையுங்கள். உணவுப்பொருள் வேண்டவே வேண்டாம், அது விலங்குகளை வரவழைக்கும். நான்கு பக்கமும் கொக்கி விழுந்ததா என்று விரலால் அழுத்திப் பார்த்து, எடுத்த இடத்திலேயே, எடுத்த விதத்திலேயே வைத்துவிடுங்கள்.

ஒதுக்கின் உலர்ந்த மணலை எவ்வளவு குறைவாக மிதிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. வெண்மயிர்க் கோல்டன்ராட் என்னும் மஞ்சள் பூச்செடி உலகிலேயே ரெட் ரிவர் கார்ஜ் பகுதியின் பாறை ஒதுக்குகளில் மட்டும் வளர்கிறது. மனிதக் காலடிகளால் நசுங்கியதே அதன் பெரிய இடர். 1988இல் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டு, வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வைத்துக் காத்த பிறகு 2016இல்தான் அந்தப் பட்டியலிலிருந்து நீங்கியது. அதே மணலுக்கடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள் விட்டுச்சென்ற விதைகளும் நார்களும் மக்காமல் இருக்கின்றன. ஜியோகேஷ் பெட்டியைப் புதைக்கக் கூடாது என்பது விளையாட்டின் விதி. ஆதலால் தோண்ட வேண்டிய தேவை உங்களுக்கு ஒருபோதும் வராது. ரெட் ரிவர் கார்ஜ் இருக்கும் தேசியக் காட்டில் ஒதுக்கின் உட்சுவரிலிருந்து 100 அடிக்குள் தீ மூட்டவும் கூடாரம் அடிக்கவும் தடை இருக்கிறது.

வீடு திரும்பியதும் பதிவு எழுதுங்கள். ஏடு நனைந்திருந்தாலோ மூடி உடைந்திருந்தாலோ சொல்லுங்கள். மறைவிடத்தை மட்டும் வெளிப்படுத்த வேண்டாம். கிடைக்காவிட்டாலும் கிடைக்கவில்லை என்றே எழுதி, எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் தேடினீர்கள் என்பதையும் சேருங்கள். அதைப் படித்துத்தான் பெட்டியை வைத்தவர் மலையேறிப் போய்ப் பார்ப்பதா என்று முடிவு செய்வார்.