உலாவிகளின் வேகத்தை ஒப்பிட்டு அளப்பது எப்படி?

புதிதாக நிறுவிய உலாவி எப்போதும் பழையதைவிட வேகமாகத்தான் தோன்றும். பழைய உலாவியில் பல மாதங்களாகச் சேர்ந்த நீட்சிகளும் (கூடுதல் வசதிக்காக உலாவியோடு இணைக்கும் சிறு நிரல்கள்) திறந்தபடியே கிடக்கும் தாவல்களும் இருக்க, புதியதில் இவை எதுவும் இல்லாததே அதற்குக் காரணம். ஆகவே, ஒப்பிடவிருக்கும் ஒவ்வோர் உலாவியிலும் நீட்சிகள் ஏதுமற்ற ஒரு புதிய பயனர் கணக்கை உருவாக்கிக்கொள்வதே முதல் வேலை.

எவற்றை ஒப்பிடுகிறோம் என்பதையும் முன்னரே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபெரா, விவால்டி ஆகிய ஐந்தும் குரோமியம் என்னும் ஒரே அடித்தளத்தின் மீது கட்டப்பட்டவை. எட்ஜ் 2020 ஜனவரியில் இதற்கு மாறியது. இவற்றுக்குள் பக்கத்தை வரையும் வேகத்தில் பெரிய வேறுபாட்டை எதிர்பார்ப்பது வீண். விளம்பரத் தடுப்பு, பயன்படுத்தாத தாவல்களைத் துயில வைத்தல் போன்ற கூடுதல் வசதிகளிலேயே வேறுபாடு தெரியும். பக்கத்தின் நிரலைப் படித்துத் திரையில் வரையும் உள் மென்பொருளையே உலாவியின் எந்திரம் என்கிறோம். எந்திர அளவிலான உண்மையான போட்டி குரோமியத்தின் பிளிங்க், ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ, சஃபாரியின் வெப்கிட் ஆகிய மூன்றுக்கும் இடையிலானது. ஐபோனிலோ, விதி தளர்த்தப்பட்ட சில நாடுகள் நீங்கலாக, எல்லா உலாவிகளும் வெப்கிட்டையே பயன்படுத்த வேண்டியிருப்பதால், அங்கே இந்தச் சோதனைக்கு அதிகப் பொருளில்லை.

மடிக்கணினியாக இருந்தால் மின் இணைப்பில் வைத்தே சோதிக்க வேண்டும். மின்கலச் சேமிப்பு முறை செயலியின் வேகத்தைக் குறைத்துவிடும். கணினி சூடேறினாலும் அதே விளைவுதான் என்பதால், ஓர் உலாவியை ஐந்து முறை தொடர்ந்து சோதித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், இரண்டையும் மாற்றி மாற்றி, இடையில் சில நிமிட ஓய்வு கொடுத்துச் சோதிப்பது நல்லது. உலாவிகள் சில வாரங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், ஒவ்வொரு முடிவின் அருகிலும் பதிப்பு எண்ணைக் குறித்துவைக்கவும்.

சோதனைக் கருவிகளில் முதலில் எடுக்க வேண்டியது ஸ்பீடோமீட்டர் 3. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மோசில்லா ஆகியவை கூட்டாக உருவாக்கி 2024 மார்ச்சில் வெளியிட்ட இது, பட்டியலில் ஒரு வேலையைச் சேர்ப்பது, உரையைத் திருத்துவது, வரைபடம் வரைவது போன்ற அன்றாடச் செயல்களுக்கு உலாவி எவ்வளவு விரைவாக ஈடுகொடுக்கிறது என்று அளக்கிறது. புள்ளி கூடினால் வேகம் கூடுதல். ஐந்து முறை ஓட்டி, முடிவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே உலாவியின் ஐந்து முடிவுகளுக்கு இடையே உள்ள ஏற்ற இறக்கம் இரு உலாவிகளின் வேறுபாட்டைவிட அதிகமாக இருந்தால், இரண்டும் சமம் என்றே கொள்ள வேண்டும். கணக்கீட்டு வலிமைக்கு ஜெட்ஸ்ட்ரீமும், வரைகலைக்கு மோஷன்மார்க்கும் உள்ளன.

இந்தப் புள்ளிகளை அளவுக்கு மீறி நம்பக் கூடாது என்பதற்கு ஆக்டேன் ஒரு சான்று. 2012-இல் கூகுள் வெளியிட்ட அந்தச் சோதனைக்கு ஏற்றபடி எந்திரங்களைச் செதுக்கியதில் புள்ளிகள் உயர்ந்துகொண்டே போயின. உண்மையான தளங்களில் அதற்கேற்ற பயன் இல்லை. 2017-இல் கூகுளே அதைக் கைவிட்டது.

எனவே நீங்கள் நாள்தோறும் திறக்கும் ஐந்தாறு தளங்களையும் சோதியுங்கள். எஃப் 12 விசையை அழுத்தினால் வரும் உருவாக்குநர் கருவிகளில், வலையமைப்புப் பகுதிக்குச் சென்று, தற்காலிகச் சேமிப்பை (முன்பு பார்த்த பக்கத்தின் கோப்புகளை உலாவி சேர்த்துவைக்கும் இடம்) முடக்கிப் பக்கத்தை ஏற்றினால் முதல் வருகையின் நேரம் கிடைக்கும். முடக்காமல் ஏற்றினால் மறுவருகையின் நேரம் கிடைக்கும். நாம் ஒரே தளத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்பவர்கள் என்பதால், என் கருத்தில் இரண்டாவதே முக்கியம். விளம்பரங்கள் ஒவ்வொரு முறையும் மாறுவதால் செய்தித்தளங்களின் நேரம் தாறுமாறாக இருக்கும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

இறுதியாக நினைவகம். எல்லா உலாவிகளிலும் ஒரே பத்துத் தாவல்களைத் திறந்து, ஐந்து நிமிடம் காத்திருந்து, குரோமில் ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தியும், ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் 'அபவுட்:புராசஸஸ்' என்பதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தும், எவ்வளவு நினைவகம் செலவாகிறது என்று பார்க்கலாம். பாதுகாப்புக்காக ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயல்முறையில் இயக்குவதால் நினைவகச் செலவு கூடுகிறது. 16 ஜிபி கணினியில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 4 ஜிபி கணினியிலோ, ஸ்பீடோமீட்டர் புள்ளியை ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த எண்ணை வைத்தே உலாவியைத் தேர்ந்தெடுக்கலாம்.