உங்கள் ஆப்பைக் கண்டெய்னரில் ஓட்டுவது: ஏழு வரி டாக்கர்ஃபைலும் அதன்பின் வரும் சிக்கல்களும்

கண்டெய்னரைக் குட்டிக் கணினி என்று நினைத்துத் தொடங்கினால் பல இடங்களில் திணற வேண்டிவரும். அது லினக்ஸ் கெர்னலின் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) மேல் ஓடும் சாதாரண ப்ராசஸ்தான். எந்த ஃபைல், எந்த நெட்வொர்க், வேறு எந்த ப்ராசஸ் அதன் கண்ணில் படலாம் என்பதை நேம்ஸ்பேஸ் வசதி தீர்மானிக்கிறது. எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு என்ற வரம்பை சிகுரூப் பார்த்துக்கொள்கிறது. தனியாக ஓஎஸ் எதுவும் பூட் ஆவதில்லை, அதனால்தான் சட்டென்று எழுந்துவிடுகிறது. கண்டெய்னர்களை உருவாக்கி ஓட்டும் கருவிதான் டாக்கர். மேக்கிலும் விண்டோஸிலும் டாக்கர் டெஸ்க்டாப் பின்னணியில் ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினை ஓட்டி, அதற்குள் இந்த வேலையைச் செய்கிறது.

இமேஜ் என்பது ஆப்புக்குத் தேவையான ஃபைல்களின் தொகுப்பு. லேயர் லேயராக அடுக்கப்பட்டது, மாற்ற முடியாதது. அதை ஓட்டும்போது மேலே எழுதக்கூடிய மெல்லிய லேயர் ஒன்று சேரும். கண்டெய்னரை அழித்தால் அந்த லேயரும் போய்விடும்.

இமேஜை எப்படி உருவாக்குவது என்று டாக்கருக்குச் சொல்வது டாக்கர்ஃபைல். 3000 போர்ட்டில் ஓடும் ஒரு நோட் ஜேஎஸ் ஆப்புக்கு அதை எழுத ஏழு வரி போதும்.

1. ஃப்ரம்: அடிப்படை இமேஜ். நோட்:22-ஸ்லிம் நல்ல தொடக்கம்.
2. வொர்க்டிர்: ஆப் இருக்கப்போகும் ஃபோல்டர்.
3. காப்பி: பேக்கேஜ் ஜேசனும், பேக்கேஜ் பதிப்புகளைப் பூட்டி வைக்கும் பேக்கேஜ்-லாக் ஜேசனும் மட்டும்.
4. ரன்: என்பிஎம் சிஐ. பேக்கேஜ்களை நிறுவும் கமாண்ட்.
5. காப்பி: மீதி சோர்ஸ் கோட் முழுவதும்.
6. யூசர்: நோட்.
7. சிஎம்டி: நோட், சர்வர் ஃபைல். இவற்றைச் சதுர அடைப்புக்குள் தனித்தனி மேற்கோளில் எழுதவும்.

மூன்றாவதையும் ஐந்தாவதையும் ஒரே காப்பியாகச் சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். ஒரு லேயர் மாறினால் அதற்குக் கீழே வரும் வரிகள் எல்லாவற்றுக்கும் கேச் செல்லாமல் போகும். சேர்த்துவிட்டால், கோடில் ஒரு கமாவை மாற்றினாலும் எல்லா பேக்கேஜும் மறுபடி இறங்கும். அரிதாக மாறுவது மேலே, அடிக்கடி மாறுவது கீழே.

பில்ட் செய்யும் முன் டாக்கர்இக்னோர் ஃபைலில் நோட் மாட்யூல்ஸ், கிட் ஃபோல்டர், என்வ் ஃபைல் மூன்றையும் சேர்த்துவிடுங்கள். என்வ் ஃபைல் மிக முக்கியம். ஒரு லேயரில் நுழைந்த பாஸ்வேர்டை அடுத்த வரியில் ஆர்எம் போட்டு அழித்தாலும் பழைய லேயரில் அது அப்படியே கிடக்கும். இமேஜ் கையில் கிடைத்த எவரும் எடுத்துவிடலாம். பெரிய ஃபைலை அழித்தும் இமேஜ் சைஸ் குறையாததற்குக் காரணமும் இதுதான்.

பில்ட் முடிந்ததும் டாக்கர் ரன் கமாண்டில் பி ஆப்ஷனுடன் 8080:3000 என்று கொடுங்கள். இடப்பக்கம் உங்கள் மெஷினின் போர்ட், வலப்பக்கம் கண்டெய்னரின் போர்ட். டாக்கர்ஃபைலில் எக்ஸ்போஸ் எழுதினால் போர்ட் திறந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அது வெறும் குறிப்பு. எல்லாம் சரியாகக் கொடுத்தும் பிரௌசரில் ஒன்றும் வரவில்லையா? பெரும்பாலும் ஆப் 127.0.0.1 முகவரியில் காத்திருக்கும். கண்டெய்னருக்குத் தனி நெட்வொர்க் என்பதால் அந்த லோக்கல்ஹோஸ்ட் அதற்கு மட்டுமே சொந்தம். 0.0.0.0 என்று மாற்றினால் போதும். இதே காரணத்தால் ஆப்பிலிருந்து டேட்டாபேஸுக்கும் லோக்கல்ஹோஸ்ட் வேலை செய்யாது. பல கண்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸ் பயன்படுத்தினால், அதில் டேட்டாபேஸ் சர்வீஸுக்கு வைத்த பெயரையே ஹோஸ்ட்நேமாகக் கொடுங்கள். அதன் டேட்டாவை, கண்டெய்னரை அழித்தாலும் தங்கும் வால்யூமில் வைக்க மறக்க வேண்டாம்.

டாக்கர் ஸ்டாப் கொடுத்தால் பத்து நொடி இழுத்துவிட்டுத்தான் நிற்கிறதா? கண்டெய்னருக்குள் உங்கள் ப்ராசஸ்தான் பிஐடி 1, அதாவது முதல் எண் கொண்ட ப்ராசஸ். அந்த எண்ணுக்குக் கெர்னல் தனி மரியாதை தருகிறது: கோடில் ஹேண்ட்லர் இல்லையென்றால், நிற்கச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னல் அதைத் தொடாது. பத்து நொடி பொறுத்துவிட்டு டாக்கர், தடுக்க முடியாத ‘சிக்கில்’ சிக்னலை அனுப்பிக் கொன்றுவிடும், பாதியில் இருந்த ரிக்வெஸ்ட்களும் அதோடு போகும். சிஎம்டியை அடைப்பில்லாமல் எழுதினால் நடுவில் ஷெல் புகுந்து, சிக்னல் ஆப்புக்கு வராமலே போகலாம். சதுர அடைப்பு அதற்காகத்தான். கோடில் சிக்டெர்ம் ஹேண்ட்லர் எழுதுவதே சரியான தீர்வு. அவசரத்துக்கு, பிஐடி 1 ஆகச் சிறிய ப்ராசஸ் ஒன்றை வைக்கும் இனிட் ஆப்ஷன் டாக்கர் ரன்னில் உதவும்.

எக்ஸிட் கோட் 137 வந்தால் உடனே மெமரி என்று முடிவுகட்டுவது வழக்கம். 137 என்பது 128 கூட்டல் 9, அதாவது ‘சிக்கில்’ (சிக்னல் எண் 9) வந்தது என்பது மட்டுமே. மெமரி வரம்பு தாண்டினாலும் அது வரும், மேலே சொன்ன பத்து நொடி கழிந்தாலும் அதுவே வரும். டாக்கர் இன்ஸ்பெக்ட் கமாண்டின் விடையில் ஓஓஎம்கில்ட் ட்ரூ என்று இருந்தால் மெமரியைப் பாருங்கள்.

யூசர் நோட் வரியைச் சேர்த்ததும் சில ஆப்களில் பெர்மிஷன் டினைட் வரும். ஆப் ஃபோல்டர் ரூட் என்ற அட்மின் யூசரின் கையில் இருக்கிறது, ஆப் அதில் எழுதப் பார்க்கிறது. யூசர் வரியை எடுத்துவிடாதீர்கள். எழுத வேண்டிய ஃபோல்டரை மட்டும் சௌன் கமாண்ட் கொண்டு நோட் யூசரின் பெயருக்கு மாற்றுங்கள்.

இமேஜ் சிறிதாகட்டும் என்று ஆல்பைன் என்ற மிகச் சிறிய லினக்ஸுக்குத் தாவுவதற்கு முன் ஒரு நிமிடம். அதில் இருக்கும் சி லைப்ரரி, ஸ்லிம்மில் உள்ள ஜிலிப்சி அல்ல, மசில். சி லைப்ரரியைச் சார்ந்த பேக்கேஜ்கள் அங்கே ஓடாமல் போகலாம், அல்லது பில்டின்போது சோர்ஸிலிருந்து கம்பைல் ஆகி நேரத்தைத் தின்னலாம். ஸ்லிம் இமேஜும், ஒரு கட்டத்தில் பில்ட் செய்து தேவையானதை மட்டும் அடுத்த கட்டத்துக்கு எடுக்கும் இரண்டு கட்ட பில்டும் பெரும்பாலான ஆப்களுக்குப் போதும்.

ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் பில்ட் செய்த இமேஜ், சிப் வகை வேறு என்பதால், இன்டெல் சர்வரில் எக்ஸெக் ஃபார்மட் எரர் கொடுக்கும். பில்டில் பிளாட்ஃபார்ம் ஆப்ஷனுடன் லினக்ஸ்/ஏஎம்டி64 கொடுங்கள் (இன்டெல் சிப்புக்கும் இதே பெயர்தான்). எமுலேஷன் என்பதால் மெதுவாக நடக்கும், எனவே இந்த பில்டை, பில்டுகளைத் தானாகச் செய்யும் சிஐ சர்வரிடம் விடுவதே நல்லது.