பைக்கர் கிளப்காரர்களிடம் செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்காவில் பைக் ஓட்டத் தொடங்கும் நம் ஆட்கள் பெரும்பாலும் முதலில் சறுக்குவது கோட் விஷயத்தில்தான். வார இறுதியில் நாலு பேர் சேர்ந்து ஓட்டுவார்கள். குழுவுக்கு ஒரு பெயர் வைப்பார்கள். ஆன்லைனில் ஆர்டர் கொடுத்து முதுகு நிறைய ஒரு பேட்ச் தைத்துக்கொள்வார்கள். ஆசை புரிகிறது. ஆனால் அந்த ஊரில் அந்த முதுகுக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது.

கிளப்காரர் போட்டிருக்கும் கையில்லாத தோல் கோட்டைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மேலே வளைந்த பட்டையில் கிளப்பின் பெயர், நடுவில் சின்னம், கீழே இன்னொரு வளைந்த பட்டை, ஓரத்தில் சின்னதாக ‘எம்.சி.’ (மோட்டார்சைக்கிள் கிளப்) என்ற எழுத்துகள். வளைந்த பட்டைகளுக்கு ராக்கர் என்று பெயர். இரண்டு ராக்கரும் நடுச் சின்னமும் தனித்தனித் துண்டாக இருந்தால் அது ‘த்ரீ பீஸ் பேட்ச்’. அதைப் போட்டிருப்பவர் முதலில் ஹேங்கரவுண்டாக, அதாவது கிளப்போடு பழகும் வெளியாளாகச் சுற்றி, பிறகு ப்ராஸ்பெக்டாக, அதாவது தகுதிகாண் நிலையில் மாதக்கணக்கில், சில கிளப்களில் வருடக்கணக்கில் எடுபிடி வேலை பார்த்து, கடைசியில் உறுப்பினர்களின் ஓட்டு வாங்கி அதைப் பெற்றிருப்பார். அதே அமைப்பில் நீங்கள் காசு கொடுத்துத் தைத்து மாட்டினால், போலீஸ் வேலையில் இல்லாதவர் தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்டு வந்ததுபோல்தான் அவர் பார்ப்பார்.

இதில் வில்லங்கமே கீழ் ராக்கரில்தான். அதில் மாநிலத்தின் பெயர் இருந்தால் ‘இது எங்கள் எல்லை’ என்று அர்த்தம். 1966-ல் டெக்சாஸில் தொடங்கிய பான்டிடோஸ் கிளப், அந்த மாநிலத்தைத் தன் எல்லையாகவே கருதுகிறது. கோஸாக்ஸ் என்ற இன்னொரு கிளப், பான்டிடோஸின் சம்மதம் இல்லாமல் ‘டெக்சாஸ்’ ராக்கரைப் போட ஆரம்பித்தது. இரண்டு தரப்புக்கும் இடையே வளர்ந்த பகைக்கு இது முக்கியமான காரணம். 2015 மே 17 அன்று வேகோ நகரில், கிளப்களின் கூட்டம் நடக்கவிருந்த ஓர் உணவகத்தின் வாசலில் அந்தப் பகை வெடித்தது. போலீஸும் சுட்டது. 9 பேர் இறந்தார்கள். 177 பேர் கைதானார்கள். 2019-ல் மிச்சமிருந்த வழக்குகளும் கைவிடப்பட்டன; ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

மாநிலத்தின் பெயர் எந்த கிளப்புக்கும் சொந்தமில்லை. உங்கள் கோட்டில் எதை எழுதுவது என்பது உங்கள் உரிமை. இந்த எல்லைக்கணக்கு எனக்கு அநியாயமாகவே படுகிறது. ஆனாலும், ராத்திரியில் பெட்ரோல் போட நிற்கும் இடத்தில் நாலு பேர் சூழ்ந்துகொண்டால் சட்டம் வந்து சேர நேரமாகும். குழுவுக்கு அடையாளம் வேண்டுமென்றால் ஒரே துண்டாக, சின்னதாக, நெஞ்சுப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ‘எம்.சி.’யும் வேண்டாம், ஊர்ப் பெயரும் வேண்டாம். இல்லை, முதுகில்தான் வேண்டும் என்றால், தைப்பதற்கு முன்பே அந்தப் பகுதியின் பெரிய கிளப்பில் பொறுப்பில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

‘81’ என்று போட்ட டி-ஷர்ட்டையும் அழகாக இருக்கிறதே என்று வாங்காதீர்கள். ஆங்கில அகரவரிசையில் ‘எச்’ எட்டாவது, ‘ஏ’ முதலாவது; அது ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற பைக்கர் கிளப்பின் ஆதரவாளர்களுடைய சட்டை. அவர்களோடு பகையுள்ள கிளப்பின் ஊரில் அதைப் போட்டுக்கொண்டு போய் நிற்பது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: பேட்ச் போட்டவரெல்லாம் ரவுடி என்று ஒதுங்குவது. சில கிளப்கள் ‘1 சதவீதம்’ என்று வைரவடிவச் சின்னம் குத்திக்கொள்கின்றன. 1947-ல் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டரில் நடந்த ரகளைக்குப் பிறகு, பைக் ஓட்டுபவர்களில் 99 சதவீதம் பேர் ஒழுங்கானவர்கள் என்று ஏ.எம்.ஏ. என்ற மோட்டார்சைக்கிள் சங்கம் அறிவித்ததாகவும், ‘மிச்ச 1 சதவீதம் நாங்கள்தான்’ என்று சில கிளப்கள் சொல்லிக்கொண்டதில் இந்தப் பெயர் வந்ததாகவும் சொல்வார்கள். அப்படிச் சொன்னதற்குப் பதிவே இல்லை என்கிறது அந்தச் சங்கம். எப்படியானாலும், அந்தச் சின்னம் இல்லாத கிளப்கள் ஏராளம். 1940 முதல் இயங்கும் மோட்டார் மெய்ட்ஸ் பெண்களுக்கான அமைப்பு. முன்னாள் ராணுவத்தினரின் குழுக்களும் இருக்கின்றன.

நேரில் சந்திக்கும்போது கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கொடுங்கள். உங்கள் பெயரை முதலில் சொல்லுங்கள். பைக்கைத் தொடுவதும், கேட்காமல் அதில் உட்கார்ந்து போட்டோ எடுப்பதும் கூடவே கூடாது. நாற்காலியில் தொங்கும் கோட்டை உதவி செய்வதாக நினைத்துக்கூட நகர்த்தாதீர்கள். மொத்தம் எத்தனை பேர், மீட்டிங் எப்போது, தலைவர் யார் என்றெல்லாம் துருவினால் உங்களை உளவு பார்க்க வந்தவர் என்றே நினைப்பார்கள். பைக்கைப் பற்றி, பயணத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

சேர்ந்து ஓட்டக் கூப்பிட்டால் டேங்க் நிரப்பிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு முன்பே போய் நில்லுங்கள். முன்னால் தலைவரும், பயணத்தை வழிநடத்தும் ரோட் கேப்டனும் போவார்கள். பேட்ச் உள்ளவர்கள் அவர்களுக்குப் பின்னால், விருந்தினர் வரிசையின் கடைசியில். லேனுக்குள் ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாறி மாறி ஓட்டுவார்கள். குறுக்குவாட்டில் முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் 1 நொடி, நேர் முன்னால் இருப்பவருக்கு 2 நொடி இடைவெளி வேண்டும். வளைவில் ஒற்றை வரிசை. உற்சாகத்தில் முறுக்கிக்கொண்டு வரிசைக்குள் புகுந்தால் பின்னால் வருபவர் பிரேக் அடிப்பார், விழுவார். மற்ற விதிகளில் கௌரவம் பாதி கலந்திருக்கலாம். இது உயிர் விஷயம். இதில் அவர்கள் கோபப்படுவது முழுக்க நியாயம்.

கிளப்பில் சேர விருப்பம் இருந்தால் ‘எனக்கு எப்போது பேட்ச் கிடைக்கும்?’ என்று கேட்காதீர்கள்; அவர்கள் நடத்தும் நிகழ்ச்சிகளுக்குத் தொடர்ந்து போய்வாருங்கள். அப்படிக் கிடைத்த பேட்சும் கிளப்பின் சொத்துதான். விலகும் நாளில் அதைப் பிரித்து எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.