காட்டுக் கணக்கில் எங்கே தப்பு செய்கிறோம்?

காடு பச்சைப்பசேலென்று இருந்தால் அடியில் மண்ணும் கொழுத்துக் கிடக்கும் என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. வெப்பமண்டல மழைக்காடுகள் பலவற்றின் மண் காலங்காலமாக மழையில் அலசப்பட்டுச் சத்து வெளிறிப்போனது. அங்கே செடிக்குக் கிடைக்கக்கூடிய மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) பெரும்பாலும் உயிருள்ள மரங்களிலும் மேலே கிடக்கும் சருகிலும்தான் இருக்கின்றன. அதனால்தான் மரங்களை வெட்டி எரித்த நிலம் சாம்பலின் தயவில் சில போகம் விளைந்துவிட்டு அப்புறம் கைவிரித்துவிடுகிறது.

சருகைக் குப்பை என்று கூட்டி அள்ளுவது அடுத்த தவறு. ஒரு கை அகலத்துக்குச் சருகை விலக்கிப் பாருங்கள். மேலே முழு இலைகள், அதற்குக் கீழே பூச்சி அரித்து நரம்பு மட்டும் மிஞ்சியவை, அதற்கும் கீழே வெள்ளை நூல்போலப் பூஞ்சை. மழைக்காடு என்றால் மரத்தின் மெல்லிய வேர்களே மேலேறி வந்து சருகுக்குள் நுழைந்திருக்கும். மண்ணுக்குப் போவதற்குள் சத்தைப் பிடித்துக்கொள்ளும் அவசரம்! மரம் சரியான கஞ்சனும்கூட. இலையை உதிர்க்கும் முன்பே அதிலுள்ள தழைச்சத்திலும் (நைட்ரஜன்) மணிச்சத்திலும் ஏறக்குறையப் பாதியை உறிஞ்சிக்கொள்ளும்.

மரம் கூடினால் ஓடையில் தண்ணீரும் கூடும் என்பது எல்லோரும் நம்ப விரும்பும் தவறு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், ஹப்பார்ட் புரூக் என்ற ஆய்வுக்காட்டில் 1965 கடைசியில் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரங்களை முழுக்க வெட்டிப்போட்டார்கள். மறுபடி எதுவும் முளைக்காமல் சில ஆண்டுகள் களைக்கொல்லியும் அடித்தார்கள். முதல் ஆண்டிலேயே ஓடை நீர் ஏறக்குறைய 40 சதவீதம் கூடியது. மரங்கள் வேரால் இழுத்து ஆவியாக விட்டுக்கொண்டிருந்த தண்ணீர் அது. சரி, வெட்டிவிடலாமே என்று கேட்டால், கூடவே தழைச்சத்தின் நீரில் கரையும் வடிவமான நைட்ரேட் வெளியேறியதையும் பார்க்க வேண்டும். ஓடையில் அதன் செறிவு பல பத்து மடங்கு எகிறியது. உறிஞ்ச வேர் இல்லாததால் மண்ணின் தழைச்சத்து கரைந்து ஓடிவிட்டது. தவிர, மரம் விடும் ஆவி வீணில்லை, காற்று போகும் திசையில் அது இன்னொரு இடத்தின் மழை.

காட்டில் சத்தும் நீரும் சுற்றிவருவதைச் சுழற்சி என்கிறோமே, அந்தச் சொல்லே ஒரு பொறி. எதுவும் வெளியே போகாது என்று தோன்ற வைக்கும். ஆற்றல் சுழல்வதே இல்லை, வெயிலாக வந்து வெப்பமாகப் போய்விடும். சத்தும் கசியும். மணிச்சத்துக்கு நைட்ரஜன்போல வாயு வடிவச் சேமிப்பு கிடையாது, ஆற்றோடு போனால் போனதுதான். அமேசானுக்குச் சகாரா பாலைவனத் தூசியோடு ஆண்டுக்கு ஏறக்குறைய 22,000 டன் மணிச்சத்து பறந்து வருவதாகச் செயற்கைக்கோள் தரவுகளை வைத்துக் கணித்திருக்கிறார்கள். அங்கே மழையும் வெள்ளமும் அடித்துச் செல்வதும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.