ரிவேர்ப் பிளகின் வாங்கும்போது நாம் விடும் பிழைகள்

மாசி மாதம் எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் அடித்த தப்புப் பறையை ஒலிப்பதிவு செய்து, வீட்டில் மிக்ஸ் பண்ணி, அடித்த மாமாவிடமே போட்டுக் காட்டினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். கழற்றித் தந்துவிட்டு, “தம்பி, இது நாங்க அடிச்சதுதானா? கெணத்துக்குள்ள எறங்கி அடிச்ச மாதிரி இருக்கே” என்றார். நான் போட்டிருந்தது நான்கு செக்கன் நீளும் ஹோல் ரிவேர்ப், அதாவது பெரிய மண்டபத்துக்குள் சத்தம் முழங்குவதைப்போல் பதிவில் சேர்க்கும் எஃபெக்ட். அந்த நீளத்தில் மயங்கித்தான், மிக்ஸ் பண்ணும் மென்பொருளோடு சேர்த்து ஓட்டும் அந்தப் பிளகினையே வாங்கியிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரு ரிவேர்ப் எது என்று ஹட்டன் பக்கத்துத் தம்பிமார் அடிக்கடி கேட்கிறார்கள். ஒன்றைத்தான் வாங்க முடியும் என்கிறவர்களுக்கு அது சரியான கேள்வி. அதற்கு விடை தேடும் விதத்தில்தான் பிழை விடுகிறோம்.

முதற்பிழை நான் செய்ததேதான்: நீண்ட வாலை, அதாவது அடி நின்றபின்னும் இழுபடும் முழக்கத்தைக் கேட்டுத் தெரிவு செய்வது. கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் பிள்ளைகள் “ஊ” என்று கத்துவது நமக்கெல்லாம் தெரியும். சுமார் 560 மீட்டர் நீளச் சுரங்கம், சத்தம் விட்டுப் போகாது. கடையில் பிளகினைத் திறந்தவுடன் நம்மை மயக்குவதும் அதே சுகந்தான். ஆனால் தப்பு அடிக்கப்படுவது தோட்டத்து வேலையாட்கள் கூடும் பிரட்டுக் களத்தில், வானம் பார்த்த வெளியில். ஒலி செக்கனுக்குச் சுமார் 340 மீட்டர் போகும். வரிசை வீடான லயத்துச் சுவர் 5 மீட்டர் தள்ளி இருந்தால், போய்வர 10 மீட்டர். 30 மில்லி செக்கனுக்குள் சுவரில் பட்ட சத்தம் காதுக்குத் திரும்பிவிடும். மிச்சம் மலைக்கும் வானத்துக்கும் போய்விடும். முதலில் திரும்பும் அந்தச் சில தெறிப்புகளை வைத்துத்தான் இது எந்த மாதிரி இடம் என்று காது கண்டுபிடிக்கிறது. வாலுக்கு அதில் பெரிய பங்கில்லை.

ஆகவே புது ரிவேர்ப் எதைத் திறந்தாலும் டிகேயை (முழக்கம் அடங்க எடுக்கும் நேரத்தை) 0.4 செக்கனுக்கு இறக்கி, ரூம் (சின்ன அறை) வகையில் வைத்துத் தப்பின் ஒற்றை அடியை அனுப்பிக் கேளுங்கள். தரமில்லாதது தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டதுபோல் ஒரே சுருதியில் “டிங்” என்று இழுக்கும், அல்லது தெறிப்புகள் தனித்தனியாகக் கரகரக்கும். மெல்லிய குச்சி தோலில் படும் அந்தச் சுள்ளென்ற முனைதான் இதைக் காட்டிக்கொடுக்கும். பாட்டுக் குரலில் இந்தக் குறை ஒளிந்துகொள்ளும். தரமானதைப் போட்டால் ரிவேர்ப் இருப்பதே தெரியாது. அதை நிறுத்தினால்தான் தப்பு திடீரென்று காகிதம்போல் தட்டையாகும். நான்கு செக்கன் ஹோலை இலவசப் பிளகின்களே அழகாகச் செய்கின்றன. சின்ன அறையைச் செய்வதுதான் கடினம்.

அடுத்தது, பிளகினோடு வரும் பிரீசெட்டுகளை (ஆயத்த அமைப்புகளை) எண்ணி மதிப்பிடுவதும், விற்பவர் போட்டுக் காட்டும் கிட்டார், பியானோவை வைத்தே முடிவெடுப்பதும். உங்கள் சத்தங்களை ஒரு கோப்பாகத் தயாராக வைத்திருங்கள், துளி ரிவேர்ப் இல்லாமல். என்னுடையதில் நான்கு உண்டு: தப்பின் ஒற்றை அடி, “ச”வும் “ஷ”வும் நிறைந்த ஒரு வரிப் பாட்டு, ஹார்மோனியத்தில் நீண்ட ஒரு சுரம், ஒரு அக்கா பாடிய தாலாட்டு. அந்தத் தாலாட்டைப் பதிந்தது 10 அடிக்கு 12 அடிக் காம்பரா அறையில், சுவர் முழுக்கக் கம்பளியைத் தொங்கவிட்டு, மழை விடும்வரை காத்திருந்து. தகரத்தில் மழை விழுந்த பதிவுக்கு ரிவேர்ப் போட்டால் மழைக்கும் சேர்த்துத்தான் ரிவேர்ப் கிடைக்கும். (கம்பளி வேலை புதியதல்ல. 1895இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சே விளங்கவில்லை என்றபோது, வோலஸ் சபீன் இருக்கை மெத்தைகளை உள்ளே கொண்டுபோய் அடுக்கி அடுக்கித்தான் முழக்கம் குறைவதை அளந்தார்.)

ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்த மறக்காதீர்கள். ரிவேர்ப் சேர்ந்தால் மொத்தச் சத்தம் ஏறும். சத்தம் கூடியது எதுவும் காதுக்கு நல்லதாகவே தோன்றும்.

நம் பாட்டுக்கென்றே ஒரு பிழை இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பல ரிவேர்ப்களில் வால் உலோகம்போல் ஒலிக்காமலிருக்க, உள்ளே சுருதியை மெல்ல ஆட்டிவிடுகிறார்கள். மொடுலேஷன் என்பது அதுதான். சிந்தசைசருக்கு அது அழகு. கமகத்தோடு பாடுகிற குரலுக்குப் பின்னால் அது ஆடினால், பாடியவர் சுருதி விலகியதுபோல் கேட்கும். அந்த அக்காவின் தாலாட்டை அப்படித்தான் ஒருமுறை கெடுத்தேன். பாடகியில் குறை தேடி அரைநாள் போனது. மொடுலேஷனைப் பூச்சியம்வரை இறக்க விடாத பிளகினை, அது எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும், எல்லாவற்றுக்கும் பொருந்துவது என்று நான் சொல்லமாட்டேன். வாலின் நீளமும் அப்படியே. முன்பு பாடிய சுரம் அடுத்த சுரத்தின் மேல் படிந்து நின்றால் ராகம் கலங்கும். குரலுக்கு டிகேயைக் கூட்டுவதற்கு முன் பிரீ டிலேயை, அதாவது குரலுக்கும் முழக்கத்துக்கும் இடையிலுள்ள தாமதத்தைத் தொடுங்கள். 30, 40 மில்லி செக்கன் இடைவெளி விட்டால் சொல் முன்னே தெளிவாக நிற்கும், இடம் பின்னே வரும்.

பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் கொழுந்து வாட்டும் மாடியில் நானும் கூட்டாளி ஒருவரும் பலூன் உடைத்து, அந்த வெடியின் முழக்கத்தைப் பதிந்திருக்கிறோம். நீண்ட பலகைத் தரை, இருபுறமும் வரிசையாக ஜன்னல். அந்தப் பதிவைக் கொன்வலூஷன் ரிவேர்ப் ஒன்றில் ஏற்றினால், எந்தக் குரலும் அந்த மாடியில் பாடியதுபோல் ஆகும். பஜனைக் கோரஸுக்கு உருக்கமாக இருந்தது, தப்புக்கு ஒத்துவரவில்லை. கொன்வலூஷன் என்பது ஓர் இடத்தின் புகைப்படம். அந்த இடத்தை உள்ளபடி தரும், நம் இஷ்டத்துக்கு வளையாது. தாமதங்களை அடுக்கிக் கணக்கால் இடத்தை உருவாக்கும் அல்கோரிதம் வகைதான் வளைந்துகொடுக்கும். காசு கொடுத்து வாங்குவது ஒன்றே ஒன்று என்றால் அல்கோரிதம் வகையை வாங்குங்கள். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் வேலை செய்பவர்களுக்குக் கொன்வலூஷன் வகையில் ரியாவேர்ப் கூடவே கிடைக்கிறது.

வல்ஹல்லா சூப்பர்மாசிவ் என்ற பிளகின் இலவசம் என்பதால் பலர் அதையே ஒரே ரிவேர்ப்பாக வைத்திருக்கிறார்கள். அது பிரமாண்ட வெளிகளுக்கென்றே செய்யப்பட்டது. அதனிடம் சின்ன அறையைக் கேட்பது அநியாயம். இலவசத்தில் தொடங்குவதானால் டிராகன்ஃப்ளை நல்லது, ரூம், ஹோல், பிளேட் (உலோகத் தகட்டு முழக்கம்) என்று தனித்தனியாக வரும். 50 டொலர் ஒதுக்க முடிந்தால் வல்ஹல்லா விண்டேஜ்வேர்ப். உரிமம் எப்படி என்றும் பார்த்துவிடுங்கள். ஐலொக் கிளவுட் என்ற இணையவழி உரிமத்தில் இயங்குபவற்றுக்கு வேலை முடியும்வரை இணையம் வேண்டும். மழைக்குச் சிக்னல் போகும் தோட்டத்தில் அது நடக்காது.

வாங்கிய பிறகு ஒவ்வொரு ட்ராக்கிலும் ஒன்றாக ஏற்றுவது பழைய லெப்டொப்பைத் திணறடிக்கும், ஒவ்வொரு குரலையும் வெவ்வேறு வீட்டில் உட்கார்த்தியும் வைக்கும். ஒரு சென்டில் (எல்லா ட்ராக்குகளும் பகிரும் தனி வழியில்) ஒன்றைப் போட்டு எல்லாரையும் அதற்கு அனுப்புங்கள். லண்டன் அபே ரோட் ஸ்டூடியோவில் செய்ததுபோல், ரிவேர்ப்புக்குப் போகும் ஒலியில் 600 ஹேர்ட்ஸுக்குக் கீழும் 10,000 ஹேர்ட்ஸுக்கு மேலும் வெட்டிப் பாருங்கள். அடித்தொண்டைக் குழப்பமும் “ஸ்ஸ்” என்ற சீறலும் அடங்கும்.

பணம் கொடுக்கும் முன், இடம் வலம் பிரியாத மோனோவில் ஒருமுறை கேளுங்கள். நம் பாட்டு கடைசியில் ஒலிப்பது கோயில் திருவிழாக் குழாய் ஸ்பீக்கரில், ஒற்றை வாயில். இடமும் வலமும் எதிரெதிராக அசையும் ரிவேர்ப் அங்கே ஒன்றையொன்று தின்றுவிடும். ஹெட்போனில் அகலமாகக் கேட்டது காணாமல் போகும். மாமாவின் தப்பை 0.5 செக்கன் ரூமில் மறுபடி மிக்ஸ் பண்ணி, மோனோ ஆக்கி, பழைய போன் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். இந்த முறை அவர் ரிவேர்ப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “ரெண்டாவது அடி கொஞ்சம் பிந்திருச்சு தம்பி” என்றார்.