இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குவது எப்படி

புதுக் கல்லில் வார்த்த தோசை பிய்ந்து வந்தால் பலரும் மாவைக் குறை சொல்வார்கள். உளுந்து போதவில்லை, புளிப்பு ஏறவில்லை என்பார்கள். பெரும்பாலும் குறை மாவில் இல்லை, கல்லின் மேற்பரப்பில் இருக்கிறது. இரும்புக்குள் இருக்கும் அணுவுக்கு எல்லாத் திசையிலும் அண்டை அணுக்கள் உண்டு. மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கு ஒரு பக்கம் வெறுமை. அதனால்தான் அது தன்னைத் தொட்டதைப் பற்றிக்கொள்கிறது. ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால் துருவாகிறது; உளுந்தின் புரதமும் அரிசியின் மாவுச்சத்தும் சூட்டோடு வந்து படிந்தால் விடாமல் பிடித்துக்கொள்கிறது. போதாததற்கு, வார்ப்பு இரும்பில் கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும் ஏராளம். மாவு அந்தப் பள்ளங்களில் இறங்கி அங்கேயே வெந்துவிடும்.

கல்லைப் பழக்குவது என்றால் அந்த இரும்புக்கும் மாவுக்கும் நடுவே ஒரு தோலை வளர்ப்பது. எண்ணெயைச் சூடாக்கினால் அதன் மூலக்கூறுகள் ஆக்சிஜனின் உதவியோடு ஒன்றோடொன்று கைகோத்து வலையாகி, கடினமான கருப்புப் படலமாக இறுகும். இது எண்ணெய்ப் பிசுக்கு அல்ல. நன்றாகப் பழகிய கல்லைத் தொட்டால் விரலில் எண்ணெய் ஒட்டாது.

எந்த எண்ணெய் என்பது இங்கே முக்கியம். இறுகும் குணம் நிறைவுறாக் கொழுப்புக்குத்தான் உண்டு. வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம் என்ற நிறைவுறாக் கொழுப்பு இருப்பதால் அது சீக்கிரம் இறுகும். நல்லெண்ணெயும் நன்றாக வேலை செய்யும், கொஞ்சம் பொறுமை வேண்டும். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அது படலமாக இறுகாது. ஆளி விதை எண்ணெய் கண்ணாடிபோல் இறுகும், ஆனால் நொறுங்கிச் செதிலாக உதிரும் தன்மையும் அதற்கு உண்டு. பழக்குவதற்குச் சூரியகாந்தி, தினமும் வார்க்க நல்லெண்ணெய் என்று வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் கழுவுங்கள். கடையில் வாங்கும் கல்லில் துருப்பிடிக்காமல் இருக்க ஏதோ ஓர் எண்ணெயோ மெழுகோ பூசியிருப்பார்கள். அதன் மேல் பழக்கினால் நீங்கள் வளர்க்கும் தோல் இரும்பில் பிடிக்காது. சுடுநீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் போட்டு, கம்பிச் சுருளால் இரண்டு மூன்று முறை அழுத்தித் தேய்க்கவும். சாதம் வடித்த கஞ்சியில் ஊறப்போடும் பழைய வழக்கத்துக்கும் அர்த்தம் உண்டு: கஞ்சி புளித்து மெல்லிய அமிலமாகி, துருவையும் அழுக்கையும் இளக்கும். ஆனால் ஒரு நாள் போதும். மூன்று நான்கு நாள் ஊறினால் இரும்பே அரிக்கத் தொடங்கும்.

கழுவிய கல்லைத் தானாகக் காயவிடாதீர்கள். சில நிமிடங்களிலேயே ஆரஞ்சு நிறத்தில் துரு பூக்கும். துணியால் துடைத்து உடனே சிறு தீயில் வைத்து, ஈரம் முழுதும் போகும்வரை காய்ச்சவும்.

அடுத்து எண்ணெய். பழக்குவதில் தவறுகிறவர்களில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான், எப்போதும் ஒரே தவறு: எண்ணெய் அதிகம். கணக்குப் பாருங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள கல்லின் பரப்பு சுமார் 700 சதுர செ.மீ. அதில் 1 மி.லி. எண்ணெயைச் சமமாகத் தடவினாலே 14 மைக்ரான் தடிமன் வந்துவிடும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதுவே அதிகம். தண்ணீரின் மேல் எண்ணெய் தானாகவே மெலிந்து பரவும். லண்டன் கிளாப்பம் குளத்தில் அமெரிக்க அறிவியலாளர் பெஞ்சமின் பிராங்கிளின் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றியபோது அது அரை ஏக்கருக்குப் பரவியது. 1774இல் அதை எழுதி வெளியிட்டார். வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே மூலக்கூற்றின் தடிமன். இரும்பின் மேல் அப்படித் தானாகப் பரவாது. நாம்தான் துடைத்து மெலிதாக்க வேண்டும்.

ஆகவே, கல் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது கால் தேக்கரண்டி எண்ணெயை விட்டு, முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, கைப்பிடி எங்கும் தடவுங்கள். பிறகு நூல் உதிராத காய்ந்த பருத்தித் துணியை எடுத்து, தெரியாமல் தடவிவிட்ட எண்ணெயை எடுப்பதுபோல் முழுதும் துடைத்துவிடுங்கள். எல்லாம் போய்விட்டதே என்று தோன்றும். மிஞ்சியிருப்பது போதும்.

அடுப்பை மிதமான தீயில் வையுங்கள். ஜன்னலைத் திறந்துவிடுங்கள், புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். வீட்டு அடுப்பின் தீ கல்லின் நடுவில்தான் படும், விளிம்பு சூடேறாது. அதனால் கல்லை நகர்த்தி, நான்கு கால்பகுதிகளையும் ஒவ்வொன்றாகத் தீக்கு மேல் 5 நிமிடம் வைத்து, கடைசியில் நடுவைக் காட்டவும். புகை எழும்பி, பிறகு அடங்கினால் அந்தப் படலம் இறுகிவிட்டது. கேக் சுடும் ஓவன் இருந்தால் இன்னும் நல்லது: கல்லைக் கவிழ்த்து வைத்து 230 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம், பிறகு உள்ளேயே ஆறவிடுங்கள். இதே முறையில் நான்கிலிருந்து ஆறு பூச்சு. சூடான வார்ப்புக் கல்லில் ஒருபோதும் குளிர்ந்த நீரை மொத்தமாக ஊற்ற வேண்டாம், விரிசல் விடும். தகட்டுக் கல் என்றால் வளையும்.

பழக்கி முடித்தவுடன் முறுகல் தோசைக்குப் போகாதீர்கள். முதல் சில நாள் வெங்காயம் வதக்குங்கள், எண்ணெய் தாராளமாக விட்டு ஊத்தப்பமும் அடையும் வாருங்கள்.

தினமும் வார்க்கும்போது கல்லின் சூட்டைத் தண்ணீர் சொல்லும். நாலு துளி தெளியுங்கள். துளி அப்படியே கிடந்து மெல்லக் குமிழ்விட்டால் சூடு போதவில்லை. சுர்ரென்று ஓரிரு நொடியில் வற்றினால் வார்க்கலாம். முத்து முத்தாக உருண்டோடினால் அதிகச் சூடு: துளிக்கு அடியில் எழும் நீராவியே மெத்தைபோல் அதைத் தாங்குகிறது. 1756இல் இதை விவரித்த ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃப்ராஸ்டின் பெயரில்தான் இந்த விளைவு வழங்குகிறது. அந்தச் சூட்டில் மாவை விட்டால் பரவுவதற்கு முன்பே வெந்து, கரண்டியோடு சுருண்டு வரும். தீயைக் குறைத்து, தண்ணீர் தெளித்துத் துடைத்து, பிறகு வாருங்கள்.

வார்ப்பதற்கு முன் கல்லில் எண்ணெய் தேங்கியிருக்கக் கூடாது. மாவு தண்ணீர்ப் பொருள். எண்ணெய்க் குளத்தின் மேல் அது கல்லை நனைக்காது, தேய்க்கத் தேய்க்க வழுக்கி ஓடும். வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பது இதற்காகத்தான். சூடு தாங்கும் தூரிகை அது, படலத்தை மெலிதாக விடும். எண்ணெயை மாவு பரவிய பிறகு ஓரங்களில் விடுங்கள். ஃப்ரிட்ஜ் மாவை அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். குளிர்ந்த மாவு கல்லின் சூட்டை இறக்கி ஒட்டவைக்கும். அடிப்பக்கம் ஈரம் வற்றிப் பொன்னிறமானால் தோசை தானே கல்லை விடும். ஓரம் எழும்புவதற்குள் தோசைத் திருப்பியைக் கொடுத்தால் பிய்வது தோசை மட்டுமில்லை, இளம் படலமும் சேர்ந்துதான்.

சப்பாத்திக்கு வேறு கல் வையுங்கள். எண்ணெயில்லாத சூட்டில் உதிர்ந்த கோதுமை மாவு கருகிப் படலத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டும்போது படலமும் போகும்.

கழுவச் சுடுநீரும் தேங்காய் நாரும் போதும். பிசுக்கு இருந்தால் சாதாரணப் பாத்திரச் சோப்பைக் கொஞ்சம் போடலாம். இறுகிய படலத்தை அது கரைக்காது. சாம்பலும் புளியும் வேண்டாம். சாம்பலின் காரம் படலத்தை அரிக்கும், புளியின் அமிலம் இரும்பைத் தின்னும். இரவு முழுதும் தொட்டியில் ஊறப்போடுவதைவிடக் கேடு வேறில்லை. கழுவியதும் அடுப்பில் காய்ச்சி, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்து வையுங்கள்.

கல் பிசுபிசுத்தால் எண்ணெய் கூடிவிட்டது அல்லது சூடு போதவில்லை. எண்ணெய் சேர்க்காமல் புகை அடங்கும்வரை மறுபடி காய்ச்சுங்கள். செதில் உதிர்ந்தால் உதிர்கிற இடத்தை மட்டும் கம்பிச் சுருளால் தேய்த்து, அங்கே இரண்டு பூச்சு கொடுங்கள். நடுவில் மட்டும் ஒட்டினால் பெருந்தீயில் அங்கே படலம் எரிந்திருக்கிறது. தீயைக் குறைத்து, நடுப்பகுதியை மட்டும் திரும்பப் பழக்குங்கள். துருப்புள்ளி தெரிந்தால் கல்லுப்பும் எண்ணெயும் சேர்த்துத் தேங்காய் நாரால் தேய்த்து, துடைத்துக் காய்ச்சினால் போய்விடும்.