பண்டிகைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலின் மாசிக் கொடை விழா, மாசி 20 அன்று வரும் அய்யா வைகுண்டர் அவதார தினம், டிசம்பர் 3 அன்று நிறைவுபெறும் கோட்டாறு சவேரியார் திருவிழா, ஆவணியில் ஓணம் எனக் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு உள்ளூர் விடுமுறைகள் பல உண்டு. இன்று ஏன் பள்ளிக்கூடம் இல்லை என்று கேட்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கோ, பல வீடுகளில் “அது அவங்க திருவிழா” என்ற அளவோடு பதில் முடிந்துவிடுகிறது. இதுதான் முதல் தவறு. விழா இன்னதென்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. ‘அவங்க’ என்பது மட்டும் மனதில் தங்கிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான தவறு, நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதாலேயே கண்ணில் படுவதில்லை. “ரம்ஜான் என்றால் முஸ்லிம்களின் தீபாவளி” என்று சொன்னால், அதற்கு முந்தைய ஒரு மாத நோன்பும், மாலையில் நோன்புக் கஞ்சியோடு அதைத் திறப்பதும் விட்டுப்போகின்றன. பிள்ளை பட்டாசைத்தான் தேடும். எல்லாம் ஒன்றுதான் என்று சொல்வதைவிட, ஒரு பொருளைக் கையில் கொடுத்துப் பேசுவது பயன் தரும். திருக்கார்த்திகைக்கு நம் பகுதியில் பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்த் துருவல் சேர்த்துப் பிசைந்து, பனங்குருத்தோலையில் வைத்துக் கட்டி, ஆவியில் வேகவைத்துக் கொழுக்கட்டை செய்கிறோம். ஓலையின் மணம் மாவில் இறங்கியிருக்கும். குருத்தோலை ஞாயிறன்று, இயேசு எருசலேமுக்குள் நுழைந்தபோது மக்கள் ஓலை பிடித்து வரவேற்றதை நினைத்துக் கிறிஸ்தவர்கள் ஓலையேந்திப் பவனி வருகிறார்கள். கத்தோலிக்க வீடுகளில் அதைச் சிலுவையாக மடித்து வைத்திருந்து, மறு ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்குமுன் கோயிலில் கொடுத்து எரித்துச் சாம்பலாக்குவார்கள். ஓலையை மடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டுமே விளங்கும். இரண்டும் ஒன்றல்ல என்பதும் தானாகவே விளங்கும்.

வகுப்பில் ஒரே ஒரு கிறிஸ்தவப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ இருந்தால், “நீ சொல்லு, உங்க பண்டிகை எப்படி?” என்று எழுப்பிவிடுவதை ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டும். குடிலும் நட்சத்திரமும் வைக்கும் வீடுகள் இருக்கும் தெருவிலேயே, கிறிஸ்துமஸ் கொண்டாடாத பெந்தெகொஸ்தே குடும்பமும் இருக்கலாம். அய்யா வைகுண்டரைப் பின்பற்றுவோரின் வழிபாட்டிடமான நிழல்தாங்கலில் கண்ணாடிக்கும் விளக்குக்கும் முன் நின்று வழிபடும் வீட்டுப் பிள்ளையிடம் “உங்க சாமி சிலை எங்கே?” என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்? ‘எங்கள் வீட்டில்’ என்று தொடங்கும் வாக்கியத்தைப் பழக்கினால் போதும். ஒரு மதத்துக்கே பதில் சொல்லும் சுமையைப் பிள்ளையின் தலையில் வைக்க வேண்டாம். தொப்பி மாட்டி, நாமம் இட்டு, சிலுவை போட்டு ஆண்டு விழாவில் வரிசையாக நிறுத்துவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதில் படம்தான் கிடைக்கும்.

தேதியிலும் கவனம் வேண்டும். ரம்ஜான் பிறைக் கணக்கில் வருவதால் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும். சென்ற ஆண்டு பாடக்குறிப்பை அப்படியே எடுத்து வைக்கக் கூடாது.

உணவு சற்று நுட்பமான விஷயம். படைத்த பொங்கலையோ சுண்டலையோ சில வீட்டார் உண்ண மாட்டார்கள். தவக்காலத்தில் சிலர் இறைச்சி தொடுவதில்லை. “ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது” என்று வற்புறுத்துவது, பிள்ளையை அதன் வீட்டாரிடமிருந்து பிரித்து நிறுத்துவதாகும். “வேண்டாம் அத்தை, எங்க வீட்டில் சாப்பிட மாட்டோம்” என்று மரியாதையாகச் சொல்ல ஒரு பிள்ளைக்கும், அப்படிச் சொல்வதை அவமதிப்பாகக் கொள்ளாதிருக்க மற்ற பிள்ளைக்கும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

விடுமுறை முடிந்த மறுநாள் “யார் யார் புதுத்துணி எடுத்தீங்க?” என்று வகுப்பு முழுவதும் கேட்கும் வழக்கமும் கைவிடத்தக்கது. துக்கம் நடந்த வீட்டில் அந்த ஆண்டு பண்டிகை இராது. வேறு சில வீடுகளில் பணம் இராது. எந்தெந்த வீட்டில் இந்த ஆண்டு பண்டிகை இல்லை என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே தனியாகக் கேட்டு வைத்துக்கொண்டு, வகுப்பில் “விடுமுறையில் யாரைப் பார்த்தீர்கள்?” என்று கேட்கலாம்.